ஏழையரை எண்ணிய பெருமகன்: சேர் பொன்னம்பலம் அருணாசலம்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளையை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் ஏறத்தாழப் 15 மைல் தொலைவிலே நாலந்தா என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் பலர்க்கும் நினைவில் எழுவது கெடிகே எனப்படும் கற்றளியே. திராவிடக் கட்டட முறையும் பௌத்த வழிபாடும் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் அக்கோயில், மகாவலித் திட்டத்தின்படி போவத்தன்னை நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது நீரில் அமிழாதிருக்கும் பொருட்டுக் கல் கல்லாகப் பிரித்தெடுக்கப்பெற்று, 1980ஆம் ஆண்டளவில் மேட்டு நிலத்தில் மீண்டும் எழுப்பப்பெற்றது. அதனைக் காண உல்லாசப் பிரயாணிகள் வருகின்றனர், படமெடுத்துக்கொண்டு செல்கின்றனர். ஆனால், அவர்கள் வந்த தெருவுக்கு ஒரு கதை உண்டென்பதை அவர்கட்கு எடுத்துரைப்பார் இல்லை.

கண்டிச் சீமையிலே கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய ஏழைத் தமிழர், காடுகளினூடே ஏறத்தாழ 150 மைல் கால்நடையாக நடந்து மாத்தளையை அடைந்தனர். அவ்வழி தம்புள்ளையையும் நாலந்தாவையும் ஊடறுத்துச் சென்றது. குடிக்க நல்ல நீரில்லை, படுக்கக் கூரையில்லை, பேதிநோயும் காய்ச்சலும் வழித்துணையாக வந்தன. நடக்க மாட்டாதாரை வழியிலே விட்டுவிட்டு ஏனையோர் நடந்தனர். எத்தனை ஆயிரவர் அவ்வழியில் மாண்டனர் என்பதற்குச் சரியான கணக்கில்லை. கணக்கு வைத்தவர்கள் தோட்டத்தை அடைந்தோரின் பெயரைச் செக்ரோலில் எழுதினார்களேயன்றி, அடையாதோரின் பெயரை எங்கும் எழுதினாரல்லர்.

இக்கட்டுரையின் நாயகரான சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் அத்தெருவில் நடந்தவரல்லர். நடக்க வேண்டிய குடியிற் பிறந்தவருமல்லர். எனினும் அத்தெருவில் நடந்து வந்தாரின் மக்கட்காகவும், கொழும்பு நகரத்துச் சேரிவாழ் ஏழைகட்காகவும் இந்நாட்டில் முறையான சமூகசேவைச் சங்கம் ஒன்றனைத் தோற்றுவித்து நடத்தியவர் அவர். நம் பழைய மாணவர் சங்கத்தின் சேவைக் குழுவினர் வருடந்தோறும் திட்டம் வகுத்து, நிதி திரட்டி, தோட்டப் பாடசாலைப் பிள்ளைகட்கு நூல்களும் சீருடைகளும் வழங்கி வருவதை இம்மலரைப் படிப்போர் அறிவர். விழா மலருக்கு ஒரு பெரியாரின் சரித்திரம் எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, அக்குழுவின் பணிக்கு மூத்தோராய் விளங்கிய ஒருவரைப் பற்றியே எழுதுவதெனத் துணிந்தேன். இவரை அரசியற் பெரியாராகவே நாம் பாடநூலிற் பயில்கின்றோம். அது குறையன்று, ஆயினும் முழுமையுமன்று.

அருணாசலம் அவர்கள் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் தேதி கொழும்பு நகரில் தோன்றினார். தந்தையார் மானிப்பாயைச் சேர்ந்த பொன்னம்பல முதலியார். கொழும்பு கொச்சிக்கடையிலுள்ள பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை நிறுவிய தருமவான். தாயார் செல்லாச்சி அம்மையார். அம்மையாரின் சகோதரரான சேர் முத்துக் குமாரசுவாமி அவர்கள் சட்டநிரூபண சபையில் அங்கம் வகித்தவர். கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் தந்தை. அருணாசலத்துக்குத் தமையன்மார் இருவர். மூத்தவர் குமாரசுவாமி, அடுத்தவர் பின்னாளிற் சேர் பட்டம் பெற்ற இராமநாதன். ஒரு தாய் வயிற்றில் மூவர் பிறந்து, மூவரும் நாட்டின் பொதுவாழ்விற் பெயர் பெற்றது அரிதினும் அரிது. இராமநாதனின் சொல்வன்மை இடிமுழக்கம் போன்றதென்பர். இளையவராகிய அருணாசலமோ ஆழ்ந்த நீரோட்டம் போன்றவர்.

இன்று றோயல் கல்லூரி எனப்படும் கொழும்பு அக்கடமியிற் பயின்று, 1870ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகப் புலமைப்பரிசிலை வென்று, இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். வழக்கறிஞர்க்குரிய கல்வியையும் உடன் பயின்றார். 1875ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நடைபெற்ற போட்டிப் பரீட்சையிலே தேறி, இலங்கைச் சிவில் சேர்விஸில் அவ்வழியாகப் புகுந்த முதல் இலங்கையரென்னும் பெருமையைப் பெற்றார். வயது இருபத்திரண்டு நிரம்பாத இளைஞர் ஒருவர், ஆங்கிலேயர்க்கே உரியதென எண்ணப்பட்ட உத்தியோகத்தில், ஆங்கிலேயரோடு சரிநிகராகப் பரீட்சை எழுதி நுழைந்தார் என்பதை நம் மாணாக்கர் ஊன்றிச் சிந்தித்தல் வேண்டும்.

நுழைந்ததனாலேயே எல்லாம் கைகூடிவிட்டனவல்ல. மாகாணங்களை ஆளும் ஏசண்டர் பதவிகள் அக்காலத்தில் வெள்ளையர்க்கே ஒதுக்கப்பட்டிருந்தன. நாட்டவர் ஒருவர் எத்துணைத் திறமையுடையவராயினும் அவரை நீதிமன்றத்துப் பக்கமே அனுப்புவது வழக்கம். அருணாசலமும் பல ஊர்களிலே நீதிபதியாக இருந்து தீர்ப்பெழுதினார். 1887ஆம் ஆண்டில் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அவர்கள், சேவையில் மூத்தோர் பலரைக் கடந்து இவரைப் பதிவாளர் நாயகமாக நியமித்தார். ஆங்கில உத்தியோகத்தரிடையே அது முணுமுணுப்பை உண்டாக்கிற்று. முணுமுணுத்தவர்களின் பெயரை இன்று யாரும் நினைவுகூர்வதில்லை.

பதிவாளர் நாயகத்தின் கந்தோர் என்பது பிறப்பு, இறப்பு, விவாகம், காணி உறுதி ஆகியவற்றின் களஞ்சியம். சுவையற்ற வேலை எனப் பலர் கருதும் அதனை அருணாசலம் ஒரு கலையாக மாற்றினார். நீண்டகாலம் ஒழுங்கற்றுக் கிடந்த பதிவுகளைச் சீர்செய்தார். தாமதத்தையும் கையூட்டையும் குறைத்தார். 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பு அவர் மேற்பார்வையிலேயே நடந்தது. நாட்டின் 35 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் எண்ணப்பட்டனர். அவர் எழுதிய அறிக்கை வெறும் எண்களின் நிரலாக அமையவில்லை. இந்நாட்டு இனங்கள், சமயங்கள், மொழிகள், வழக்கங்கள் ஆகியவற்றின் வரலாறாகவும் அது விளங்கிற்று. ஆராய்ச்சியாளர் இன்றும் அதனைத் தேடிப் படிக்கின்றனர்.

இவ்விடத்தில் என் கருத்தொன்றைக் கூறிச் செல்ல விழைகின்றேன். எண்ணுதல் என்னும் தமிழ்ச் சொல் கணக்கிடுதலையும் குறிக்கும். நினைந்து சிந்தித்தலையும் குறிக்கும். பல ஆண்டுகளாக நாட்டின் பிறப்புக்களும் இறப்புக்களும் இவர் மேசையின் வழியே சென்றன. எந்த வட்டாரத்திற் குழந்தைகள் மிகுதியாக இறக்கின்றன, எங்கே காய்ச்சல் பெருகுகின்றது, எவ்வகையினர் எழுத்தறிவின்றி உள்ளனர் என்பன அவர் நன்கறிந்த செய்திகள். ஏனையோர்க்கு அவை அட்டவணை. எண்ணியவர் எண்ணிப் பார்க்கவும் தொடங்கினார் என்றே நான் கொள்கின்றேன். பிற்காலத்து அவர் செயல்கள் அதற்குச் சான்று.

அவரது அகவாழ்வைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். தமையனார் இராமநாதனைப் போலவே இவரும் தஞ்சையைச் சேர்ந்த அருட்பரானந்த சுவாமிகளை ஞானகுருவாகக் கொண்டிருந்தார். கேம்பிரிட்ஜில் நண்பரான எட்வேர்ட் காப்பென்டர் என்னும் ஆங்கில எழுத்தாளரை 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வரவழைத்து, அச்சுவாமிகளிடம் அழைத்துச் சென்றவரும் இவரே. இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களிற் சைவ சித்தாந்தமும் வேதாந்தமும் பேசப்பட்டன. இவர் எழுதியவை பின்னர் 1927ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. மாணிக்கவாசகர் பாடல்களை ஆங்கிலத்திற் பெயர்த்தார். ஆங்கிலம் கற்றவர் தமிழையும் சமயத்தையும் இழிவாகக் கருதிய காலம் அது. ஆங்கிலத்தில் அவர்களினும் வல்லவரான ஒருவர் திருவாசகத்தைக் கையிலேந்தி நின்றமை, இளைஞர் பலர்க்கு நாணத்தையும் பின்னர்ப் பெருமிதத்தையும் தந்திருக்கும்.

1913ஆம் ஆண்டில் அவர் உத்தியோகத்தினின்றும் இளைப்பாறினார். அடுத்த ஆண்டு சேர் பட்டம் கிடைத்தது. வயது அறுபது. வேண்டிய செல்வமும் புகழும் இருந்தன. இத்தகையோர் அக்காலத்தில் இரண்டிலொன்றைச் செய்தனர்: தோட்டந்துரவைப் பார்த்துக்கொண்டு ஓய்ந்திருப்பர், அன்றேல் தலயாத்திரை செய்து முத்திக்கு வழிதேடுவர். அருணாசலமோ தம் வாழ்வின் மிகக் கடினமான வேலையை அப்போதுதான் தொடங்கினார்.

1915ஆம் ஆண்டு ஜனவரி 29ஆந் தேதி இலங்கைச் சமூகசேவைச் சங்கம் உதயமாயிற்று. அருணாசலமே அதன் தலைவர். உலகெங்கும் இத்தகைய முயற்சிகள் முளைவிட்ட காலம் அது. சுவாமி விவேகானந்தர் 1897இல் இராமகிருஷ்ண மிஷனைத் தொடக்கியிருந்தார். கோகலே 1905இல் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவியிருந்தார். அதே 1905ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே சிக்காகோ நகரில் போல் ஹரிஸ் என்னும் வழக்கறிஞர், தொழில்வல்லார் சிலரைக் கூட்டிப் பின்னாளில் உலகெங்கும் பரந்த றோட்டரிக் கழகத்துக்கு வித்திட்டிருந்தார். அக்கழகம் கொழும்புக்கு வந்தது 1929ஆம் ஆண்டில்தான். ஆகவே, மேல்நாட்டுக் கழகங்களைப் பார்த்தே நாம் பொதுச்சேவை கற்றோம் என எண்ணுதல் தவறு; அவை இங்கு வருவதற்கு 14 ஆண்டுகட்கு முன்னரே இந்நாட்டார் தாமாக ஒரு சங்கம் கூட்டியிருந்தனர்.

தருமம் நமக்குப் புதிதன்று. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் வீடுதோறும் பிடியரிசி திரட்டி வித்தியாசாலை நடத்தினார். பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தோர் உயிர் காத்தார். உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை நாளும் எடுத்து வைக்கும் அம்முறையினும் எளிய நிதி திரட்டும் முறையை நான் அறியேன். ஏழையும் அதிற் பங்குகொள்ளலாம், கொடுப்பவர்க்குப் பாரமில்லை, சிறு துளி பெருவெள்ளமாகும். அருணாசலத்தின் சங்கமோ அத்தருமத்தோடு வேறொன்றையும் சேர்த்தது. ஏழைகட்குக் கல்வி, நோயாளர்க்கு மருத்துவ உதவி, நலிந்த குடிசைக் கைத்தொழில்களுக்குப் புத்துயிர், தொழிலாளர்க்குக் குறைந்த செலவில் நல்ல வீடு என்பன அதன் நோக்கங்கள். அவற்றோடு நில்லாது, பிள்ளைகள் எல்லார்க்கும் கட்டாயக் கல்வி வேண்டும், பாடசாலை மாணாக்கரை வைத்தியர் சோதித்தல் வேண்டும், கூலிக்குக் கீழெல்லை வகுத்தல் வேண்டும், தொழிலாளர்க்குக் கட்டாயக் காப்புறுதி வேண்டும் என்றெல்லாம் அது அரசாங்கத்தை வற்புறுத்தியது. கஞ்சி வார்ப்பது ஒரு பணி. கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் நிலை ஏன் வந்ததென வினவுவது மற்றொரு பணி. இரண்டாவது பணியைத் தொடங்கியவுடன் சங்கத்தின் நண்பர்கள் குறைவர் என்பதை அனுபவமுடையார் அறிவர். சீருடைக்குப் பணம் தரும் முதலாளி, சம்பளம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் முகங்கொடுப்பதில்லை.

நானும் சில ஆண்டுகள் ஒரு சேவைக் கழகத்தின் காரியதரிசியாக இருந்தேனாகலின், ஒரு நிகழ்ச்சியை இங்கே கூறுகின்றேன். இத்தகைய கழகங்களுக்கு ஆண்டு பிறப்பது ஜூலை முதலாந் தேதி. தலைவர், காரியதரிசி, தனாதிகாரி மூவரும் புதிதாகப் பதவியேற்பர். புதிய தலைவர் தம் பெயர் விளங்கத்தக்க புதிய திட்டம் ஒன்றனை வகுப்பார். முந்தியவரின் திட்டத்தை யாரும் கேட்பதில்லை. நாலந்தாவுக்கு அண்மையிலுள்ள ஒரு சிறு பாடசாலைக்கு நாங்கள் குடிநீர் வடிகட்டும் இயந்திரம் ஒன்று பொருத்திக் கொடுத்தோம். இரண்டு மாதம் அதிட்டச்சீட்டு விற்றும், ஓர் இசை நிகழ்ச்சி நடத்தியும் திரட்டிய பணம் அது. திறப்புவிழா சிறப்பாக நடந்தது, மாலைகள் போடப்பட்டன. மறு ஆண்டு அவ்வழியே சென்றபோது பிள்ளைகள் பழையபடி கிணற்று நீரையே அள்ளிக் குடிப்பதைக் கண்டேன். வடிகட்டியின் உள்ளுறுப்பு ஒன்று பழுதாகிவிட்டதாம். மாற்றுவதற்கு அதிபரிடம் பணமில்லை. கழகத்தின் அவ்வாண்டுத் திட்டத்தில் அதற்கு இடமில்லை. குறை என்னுடையதுந்தான். திட்டத்தை எழுதியபோது பராமரிப்புக்கென ஒரு தொகையை ஒதுக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

அருணாசலம் ஓராண்டுத் திட்டக்காரரல்லர் என்பதை அன்று முதலே நான் உணர்ந்தேன். தோட்டத் தொழிலாளர் விடயத்திலே அவர் காட்டிய விடாமுயற்சி அதற்குத் தக்க சான்று.

தோட்டத் தொழிலாளரை அக்காலத்திற் கட்டியிருந்த தளை எத்தகையதென்பதை இளையோர் அறிதல் நன்று. தொழிலாளிக்கு ஊரைவிட்டுப் புறப்படும்போதே கடன் தொடங்கும். வழிச்செலவு, கங்காணி கொடுத்த முற்பணம், தோட்டத்தில் வாங்கிய அரிசி எல்லாம் அவன் பேரிற் பதியப்படும். அவன் வேறு தோட்டம் செல்ல விரும்பினால், துரையிடமிருந்து துண்டு என்னும் சீட்டைப் பெறல் வேண்டும். இன்ன தொகையைக் கொடுத்தால் இவனை விடுவிப்போம் என்பதே அச்சீட்டின் பொருள். புதிய துரை அத்தொகையைக் கொடுப்பார். கடன் அவ்வளவும் தொழிலாளியின் தலையில் மீண்டும் ஏறும். தோட்டத்துக்குத் தோட்டம் கடன் வளர்ந்ததேயன்றிக் குறைந்ததில்லை. ஆளைப் பெயர்த்து விற்கும் முறைக்கும் இதற்கும் வேற்றுமை காண்டல் எளிதன்று. சொல்லாமற் புறப்பட்டாலோ 1865ஆம் ஆண்டின் தொழிற் சட்டம் காத்திருந்தது. வேலையை விட்டு நீங்குதல் அச்சட்டப்படி குற்றம். அதற்குத் தண்டனை சிறை. கொடுத்த வாக்கை மீறிய துரைக்கு வழக்கு. மீறிய தொழிலாளிக்கு விலங்கு.

நீதிபதியாக இருந்த காலத்தில் அருணாசலம் இச்சட்டத்தையும் கையாண்டிருப்பார். அரசாங்க உத்தியோகத்தராக இருந்தபோது அதனை எதிர்த்து மேடையேறுதல் இயலாது. அவ்வாறு இருந்தமை குறையா என வினவுவோர் உண்டு. நான் அவரைக் குறை கூறமாட்டேன். ஆயினும் அவ்வினா எழுவது நியாயமே. இளைப்பாறிய பின்னர் அவர் வாயடைத்திருக்கவில்லை என்பது மட்டும் உறுதி. ஏழைத் தொழிலாளரைச் சிறையிலிடும் விதிகளை நீக்கவேண்டுமென அவர் எழுதினார், பேசினார், அதிகாரிகட்கு முறையிட்டார். தோட்டத் துரைமார் சங்கம் எத்தகைய பலம் படைத்ததென்பதை அறிந்தவர் அவர். பட்டம் பெற்ற ஒருவர், தேசாதிபதியின் விருந்துக்கு அழைக்கப்படும் ஒருவர், கூலிகள் என இகழப்பட்டார்க்காக வாதாடியமை அவரது வட்டத்தாரிற் பலர்க்கு வியப்பை உண்டாக்கியிருக்கும், சிலர்க்கு வெறுப்பையும்.

சமூகசேவைச் சங்கம் என்னும் அமைப்பு இவ்வேலைக்குப் போதாதென அவர் கண்டார். 1919ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தைத் தொடக்கினார். மலைநாட்டில் வளர்ந்து கேம்பிரிட்ஜிற் பயின்று வந்த இளம் வழக்கறிஞர் பெரி. சுந்தரம் அவர்கள் அச்சங்கத்தில் அவருக்கு வலக்கையாக நின்றார். இப்பெரி. சுந்தரமே 1931ஆம் ஆண்டில் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானவர். அறுபத்தாறு வயதினரும் முப்பது வயதினரும் ஒரு மேசையிலிருந்து ஒரு மனுவை எழுதிய காட்சியை எண்ணிப் பார்க்கும்போது நம் பழைய மாணவர் சங்கமே என் கண்முன் நிற்கின்றது. மறு ஆண்டு, 1920இல், தொழிலாளர் சம்மேளனம் ஒன்றும் தோன்றிற்று.

முயற்சி வீண்போகவில்லை. இந்திய அரசாங்கமும் இலங்கையிலுள்ள தன் மக்களின் நிலையை 1917ஆம் ஆண்டளவில் விசாரிக்கத் தொடங்கியிருந்தது. இருபக்க நெருக்குதலையும் தாங்கமாட்டாமல் இலங்கை அரசாங்கம் இறங்கி வந்தது. 1921ஆம் ஆண்டையொட்டித் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலையை விட்டு நீங்கியமைக்குச் சிறையென்னும் விதிகளும் அகன்றன. 1915இலிருந்து எண்ணினால் ஆறேழு ஆண்டுகள். இடையில் எத்தனை ஜூலை மாதங்கள் வந்து போயிருக்கும்!

இங்கே ஓர் உண்மையை மறைக்கலாகாது. அருணாசலத்தின் சங்கங்கள் தொழிலாளர்க்காக நடத்தப்பட்டனவேயன்றித் தொழிலாளரால் நடத்தப்பட்டனவல்ல. கனவான்கள் கூடி மனு எழுதினர். பெரட்டுக்களத்தில் நின்றவர் அம்மனுவைப் படித்தாரல்லர். தொழிலாளரே அங்கத்தவராகி, தாமே வேலைநிறுத்தம் செய்யும் இயக்கம் ஏ. ஈ. குணசிங்க அவர்களால் 1922இற் கொழும்பிலும், கோ. நடேசையர் அவர்களால் 1931இல் அட்டனிலும் அமைந்தது. நடேசையர், தோட்டத்துள் நுழையத் தடையிருந்தபோது மாறுவேடம் பூண்டு சென்றவர். அவரோடு ஒப்பிட்டு அருணாசலத்தைச் சிலர் குறைவாக மதிப்பர். கதவு சாத்தப்பட்டிருந்த காலத்தில் தாழ்ப்பாளை நீக்கியவர் ஒருவர். உள்ளே நுழைந்தவர் மற்றொருவர். வேலையை விட்டால் விலங்கு என்னும் சட்டம் நின்றிருக்குமாயின் வேலைநிறுத்தம் ஏது?

அரசியலில் அவர் ஆற்றியவற்றை நம் சரித்திரபாட ஆசிரியர்கள் விரித்துரைப்பராகலின் நான் சுருக்கமாகவே கூறுவேன். 1917இல் இலங்கைச் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்தார். 1919ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆந் தேதி இலங்கைத் தேசிய காங்கிரஸ் கூடியபோது, சிங்களவரும் தமிழரும் ஒருமனதாக அவரையே முதற் றலைவராக்கினர். மேல்மாகாணத்தில் தமிழர்க்கு ஓர் ஆசனம் என முன்னரே அளிக்கப்பட்டிருந்த வாக்குறுதி 1921ஆம் ஆண்டிற் காப்பாற்றப்படாது போகவே, தாமே வளர்த்த காங்கிரஸை விட்டு மனமுடைந்து நீங்கினார். 1923இல் இலங்கைத் தமிழர் கழகத்தைத் தொடக்கினார். எழுபது வயதில் ஒருவர் தம் வாழ்நாட் பணியின் ஒரு பாதி சரிவதைக் கண்ணாற் காண்பது பெருந்துயரம். அத்துயரத்தினூடே மற்றொரு பாதி சரியாது நின்றதெனலாம். துண்டு முறை மீண்டும் வரவில்லை.

கல்விக்காக அவர் செய்த முயற்சியையும் விட்டுவிடுதல் தகாது. 1906ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென இயக்கம் தொடங்கினார். இந்நாட்டுப் பிள்ளைகள் தம் தாய்மொழிகளையும் தம் முன்னோர் வரலாற்றையும் அறியாது, பிறநாட்டுப் பரீட்சைக்காகவே படிப்பதை அவர் வெறுத்தார். சிங்களமும் தமிழும் உயர்கல்வியில் மதிப்புடன் வீற்றிருக்க வேண்டுமென்றார். பதினைந்து ஆண்டுகள் காத்திருந்த பின் 1921இற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. முழுப் பல்கலைக்கழகம் உருவானது 1942இல். அதனைக் காண அவர் இருந்தாரில்லை. கட்டாயக் கல்வி கேட்டவர் கண்மூடி 21 ஆண்டுகள் சென்றபின், 1945இல், இலவசக் கல்வி வந்தது. தோட்டங்களுக்குக் கூலியின் கீழெல்லையை வகுத்த சட்டம் 1927இல் வந்தது. அவருடைய சங்கம் கேட்டவற்றிற் பெரும்பாலானவை அவருக்குப் பின்னரே கிடைத்தன.

கிடைத்ததைப் பறிகொடுத்த கதையும் உண்டு. 1931இல் வாக்குரிமை பெற்ற தோட்டத் தமிழர், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர், வாக்கும் போயிற்று. அவ்வழக்கின் கடைசி முடிச்சு 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே அவிழ்ந்தது. நம் கல்லூரியிற் பயின்ற பலரின் பாட்டன்மார் அவ்விடைக்காலத்தில் எந்நாட்டுக்கும் உரியரல்லராய்த் திரிந்தவர்களே. அருணாசலம் போன்ற ஒருவர் 1948ஆம் ஆண்டின் பாராளுமன்றத்தில் இருந்திருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும் என்று மாணாக்கர் வகுப்பில் என்னைக் கேட்பதுண்டு. அதற்கு விடை கூற நான் அறியேன்.

1923ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தென்னாட்டுத் திருத்தலங்களைத் தரிசிக்கச் சென்றார். பத்தாண்டுகட்கு முன் தொடங்கியிருக்கவேண்டிய யாத்திரை அது. 1924ஆம் ஆண்டு ஜனவரி 9ஆந் தேதி மதுரையம்பதியில் இறைவன் திருவடி எய்தினார். எவ்வேழைகள் பொருட்டு அவர் வாதாடினாரோ, அவர்களின் முன்னோர் புறப்பட்டு வந்த மண்ணின் ஒருபுறத்திலே அவர் உயிர் பிரிந்தது.

கொழும்பிலே பழைய பாராளுமன்றக் கட்டடத்தின் முன்றிலில் அவரது சிலை நிற்கின்றது. பேராதனைப் பல்கலைக்கழகத்திலே மாணவர் விடுதிகளுள் ஒன்று அருணாசலம் மண்டபம் எனப் பெயர் பெற்றுள்ளது. தமையனார் பெயரால் இராமநாதன் மண்டபமும் உண்டு. நம் பழைய மாணவருள்ளும் பேராதனை சென்றோர் சிலர் அருணாசலம் மண்டபத்தில் தங்கிப் படித்தனர். அவர்களுள் ஒருவர் நாலந்தாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயன் காம்பிராவிற் பிறந்தவர். கொள்ளுப்பாட்டனார் மன்னாரிலிருந்து நடந்து வந்தவரெனத் தம் பாட்டியார் சொல்லக் கேட்டவர். விடுதியின் பெயர் யாருடையதென முதலாண்டில் தாம் அறிந்திருக்கவில்லையென அவர் என்னிடம் கூறினார். பின்னர் நூலகத்திற்குச் சென்று 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பறிக்கையை எடுத்து, மாத்தளைப் பகுதிக்குரிய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாராம்.